வடக்கன்குளம்: சுவர் இருந்த இடம்

பௌர்ணமி இரவில் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பாருங்கள் தோழர்களே. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கால் வைக்க இடமிருக்காது. ஆந்திராவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் செருப்பில்லாமல் நடந்துபோவார்கள். எங்கள் அடி அண்ணாமலையைக் கடக்கும்போது பாதிப்பேருக்குக் கால் வலி தெரிய ஆரம்பித்திருக்கும். அன்னதானப் பந்தல்களில் மைக் பிடித்து, இந்த மலையைச் சுற்றுகிறவருக்குச் சாதி இல்லை, மதம் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ரோட்டில் இல்லைதான். ரோட்டை விட்டு இறங்கினால் எந்தத் தெரு யாருடையது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இதே திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் தென்முடியனூர் இருக்கிறது. அங்கே 2023 ஜனவரி 30 அன்று, சுமார் 80 ஆண்டுகளுக்குப் பிறகு, நம் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். கோயில் அறநிலையத் துறையுடையது. உள்ளே போகக் கலெக்டரும் போலீசும் கூடவே வரவேண்டியிருந்தது. அந்த வாரம் எங்கள் மாலை வகுப்பில் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு தம்பி கேட்டான்: "எதுக்குண்ணா இவ்வளவு கெஞ்சணும்? சர்ச்சுக்குப் போயிட்டா முடிஞ்சுதே. அங்கதான் எல்லாரும் ஒண்ணு."

எங்கள் குழுவில் சட்டம் படிக்கும் தங்கை சிரித்துவிட்டாள். அவள் வீடு மூன்று தலைமுறையாகக் கிறித்தவ வீடு. அவளுடைய தாத்தா இறந்தபோது ஊர்க் கோயிலின் சவ வண்டி சேரிக்கு வரவில்லை. வண்டி ஊர்க்காரர்களுக்கு மட்டும் என்று அங்கே வழக்கம். தோளில்தான் தூக்கினார்கள். பெரிய தெரு வழியாகப் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றிப் போனார்கள். எந்த ஊர், எந்தப் பங்கு என்று இங்கே எழுத வேண்டாம் என்றாள். அவளுடைய ஆயா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

இன்னொன்றும் சொன்னாள். அவளுடைய சாதிச் சான்றிதழில் பி.சி. என்றுதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் கிறித்தவரானால், எத்தனை தலைமுறை ஆனாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போய்விடுகிறார்கள். "செத்தா பறச்சி, சர்ட்டிஃபிகேட்ல மட்டும் பி.சி." அவள் சொன்ன சொல்லை அப்படியே எழுதியிருக்கிறோம். தம்பி அதற்குப் பிறகு பேசவில்லை.

வடக்கன்குளம் போய்வர வேண்டும் என்று முடிவெடுத்தது அன்றைக்குத்தான். ஆ. சிவசுப்பிரமணியன் எழுதிய 'கிறித்தவமும் சாதியும்' புத்தகத்தை வகுப்பில் சேர்ந்து படித்திருந்தோம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள அந்த ஊர்க் கோயிலைப் பற்றித்தான் அந்தப் புத்தகம். படித்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஆறு பேர் கிளம்பினோம். தங்கையின் ஆயா ஐம்பது ரூபாயை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்து, மெழுகுவத்தி ஏற்றச் சொன்னார்.

விழுப்புரத்தில் இரவு ரயில். விடிந்து வள்ளியூரில் இறங்கி பஸ். எங்கு திரும்பினாலும் காற்றாலைகள், அதற்குப் பின்னால் மேற்கு மலை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அன்பாகப் பேசினார். எந்த ஊர் என்றார், சொன்னோம். "திருவண்ணாமலையா! தீபம் பார்க்க வந்திருக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, நீங்க என்ன ஆளுக?" வடக்கே எங்கள் பக்கம் இதைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். அப்பா என்ன வேலை, எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று. தெற்கே நேராகவே கேட்டுவிடுகிறார்கள், அதுவரை நல்லது என்று எங்களில் ஒருவர் பிறகு சொன்னார். நாங்கள் பதில் சொன்னோம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வடக்கன்குளம் சின்ன ஊர் இல்லை. 17-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே கத்தோலிக்கம் வேர்பிடித்த இடம். திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த நீலகண்ட பிள்ளை, 1745 மே 14 அன்று இங்கேதான் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1752-ல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார், சேர்ந்து சாப்பிட்டார் என்பதும் அவர்மேல் இருந்த கோபத்துக்குக் காரணம் என்று திருச்சபை சொல்கிறது. 2022 மே 15-ல் ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அதற்கு முன்பு ஒரு சண்டை நடந்ததே, நினைவிருக்கிறதா? பெயரோடு 'பிள்ளை' இருக்கலாமா கூடாதா என்ற சண்டை. கடைசியில் வத்திக்கான் அந்தச் சாதிப் பட்டத்தை நீக்கிவிட்டது. செத்து 270 ஆண்டு ஆன ஒரு மனிதரிடமிருந்து சாதியைக் கழற்ற எத்தனை கடிதம், எத்தனை பேச்சு! அந்த மனிதரே ஞானஸ்நானத்தின்போது அதைக் கழற்றிப் போட்டிருப்பார். விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

நாங்கள் பார்க்கப் போனது அவர் காலத்துக்குப் பிந்திய கட்டடம், திருக்குடும்ப ஆலயம். 1872-ல் திறக்கப்பட்டது. பிரெஞ்சு சேசு சபைச் சாமியார்கள் கட்டியது. வெளியே நின்று பார்த்தால் பெரிய கோயில், அவ்வளவுதான். பீடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று திரும்பிப் பார்க்கும்போதுதான் விஷயம் புரிகிறது. பீடம் ஒன்று. அதன் முன்னாலிருந்து இரண்டு நீண்ட கூடங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன. மேலிருந்து பார்த்தால் ஒரு கால்சட்டையை விரித்துப் போட்டதுபோல் இருக்கும் என்பதால் கால்சட்டைக் கோயில் என்றே வெளியே பெயர். ஒரு கால் பிள்ளை, முதலி முதலான மேல்சாதிக் கிறித்தவர்களுக்கு. இன்னொரு கால் நாடார்களுக்கும், அவர்களுக்கும் கீழே என்று வைக்கப்பட்டவர்களுக்கும். நடுவே தடுப்பு. சாமியார் ஒரே பூசையை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வைத்தார். இரண்டு பக்கமும் பீடத்தைப் பார்க்க முடிந்தது. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது.

வேறு ஊர்களில் பழைய கோயிலுக்குள் பின்னால் கயிறு கட்டினார்கள், ஓரத்தில் தனி வாசல் வைத்தார்கள். இங்கே அப்படி இல்லை. அஸ்திவாரம் போடும்போதே சாதியைப் போட்டிருக்கிறார்கள். ஒரு கொத்தனாரிடம் வரைபடம் காட்டி, சுண்ணாம்பும் கல்லும் கணக்குப் போட்டு, ஆண்டுக்கணக்கில் எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது எங்களுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் வந்தது. வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வந்த, நன்றாகப் படித்த மனிதர்கள், யாரிடமும் கடைசிவரை 'முடியாது' என்று சொல்லவில்லையா? மேல்சாதிக்காரர்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்களே என்ற பயம்தான். அதே பயத்தை இன்றைக்கும் எத்தனை ஆயர் இல்லங்களில், எத்தனை கட்சி அலுவலகங்களில் பார்க்கிறோம்.

'முடியாது' என்று ஒருவர் சொல்ல 38 ஆண்டுகள் ஆயின. 1910-ல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை இடித்தார். வெள்ளாளர்கள் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். கோயிலில் எங்கள் பகுதி எங்களுக்கே, நாடார்கள் வரக்கூடாது, அது எங்கள் வழக்காறு என்று கேட்டார்கள். மைக்கேல் பிள்ளை என்பவர் பெயரில் சென்னை உயர் நீதிமன்றம் வரை அந்த வழக்கு போனது. தோற்றார்கள். கிறித்தவக் கோயிலில் சாதியின் பெயரால் உரிமை கேட்க முடியாது என்று ஆகிவிட்டது.

இதை இன்னொரு வழக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1897-ல் கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் போனார்கள். ராமநாதபுரம் சமஸ்தானம் வழக்குப் போட்டது. நாடார்கள் கீழ்க்கோர்ட்டில் தோற்று, உயர் நீதிமன்றத்தில் தோற்று, 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோற்றார்கள். அங்கே வழக்காறு செல்லும். இரண்டே ஆண்டில் வடக்கன்குளத்தில் சுவர் விழுகிறது, இங்கே வழக்காறு செல்லாது. கேட்பவர்கள் ஒரே மக்கள், காலமும் ஏறக்குறைய ஒன்று. மதம் மாறியபோது சட்டம் வேறு வாயால் பேசியது.

தங்கைக்கு அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அதுவரை நாங்கள் யாரும் அப்படி யோசித்ததில்லை. "கிறித்தவத்தில் சாதி கிடையாது. இந்த ஒரு வரியை வைத்துத்தானே இந்தச் சுவர் விழுந்தது விழுந்ததாகவே நின்றது?" என்றாள். "இதே வரிதான் என் சர்ட்டிஃபிகேட்டையும் பறிச்சுது."

1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைச் சேராத எவரும் பட்டியல் சாதியாக மாட்டார் என்கிறது. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவர்களையும் இசுலாமியர்களையும் சேர்க்கவில்லை. காரணம் கேட்டால், அந்த மதங்களில் சாதி இல்லையே என்கிறார்கள். மேல்சாதிக்காரன் சாதியைக் காட்டித் தனி இடம் கேட்டபோது அந்த வரி நம் பக்கம் நின்றது. சாதியால் அடிபட்டவன் பரிகாரம் கேட்டபோது அதே வரி நம் கழுத்தைப் பிடித்தது.

சூசை வழக்கைச் சட்ட மாணவர்கள் கட்டாயம் படியுங்கள். அவர் சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடர், கிறித்தவர். 1982-ல் செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே ரோட்டில், அதே வேலை செய்த இந்துத் தொழிலாளிகளுக்குக் கிடைத்தது, அவருக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-ல் நீதிமன்றம் சொன்னது என்ன? மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்ட வேண்டும், அதற்குப் போதுமான ஆதாரம் எங்கள் முன் வைக்கப்படவில்லை என்றது.

ஆதாரம் இல்லையாம்! ஒரு கட்டடம் முழுக்க ஆதாரமாக இங்கே நின்றுகொண்டிருக்கிறது. அன்றைக்கு அந்த நீதிபதிகளை வள்ளியூர் பஸ்ஸில் ஏற்றிவிட ஆளில்லாமல் போய்விட்டது.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். வடக்கன்குளத்தின் கதையை யார் சொன்னாலும் அது வெள்ளாளர், நாடார் கதையாகவே வருகிறது. நாடார்கள் பட்ட பாட்டை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. பக்கத்துத் திருவிதாங்கூரில் மார்பை மறைக்கும் உரிமைக்கே 1859 வரை போராட வேண்டியிருந்த மக்கள் அவர்கள். அவர்கள் நின்று சண்டை போட்டதால்தான் இந்தச் சுவர் விழுந்தது. ஆனால் பறையரும் பள்ளரும் சக்கிலியரும் அந்தக் கதையில் எங்கே நின்றார்கள்? இரண்டாவது காலில், கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் என்று நாங்களாக நினைத்துக்கொண்டு அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றோம். அங்கிருந்தும் பீடம் தெரிகிறது, ரொம்பச் சின்னதாக. மெழுகுவத்தியை ஏற்றினோம். எங்கள் ஆறு பேரில் நான்கு பேருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆயா காசு, ஏற்றித்தானே ஆகவேண்டும்.

திரும்பும்போது உளுந்தூர்ப்பேட்டையில் இறங்கி எறையூர் போனோம். எங்கள் ஊருக்கு வரும் வழிதான். ஆனால் தொலைவில் இருக்கும் சுவரைப் பார்க்க இரவெல்லாம் ரயிலில் போகிறவர்கள், பக்கத்தில் இருப்பதைப் பார்க்க யோசிக்கிறோம். எறையூரின் பெரிய கோயில் செபமாலை மாதா கோயில். ஊரில் வன்னியக் கிறித்தவர்கள் அதிகம். தலித் கிறித்தவர்களுக்குக் கல்லறை தனி, பிணம் போகும் பாதை தனி. அதனால் அவர்கள் தங்களுக்கென்று சகாய மாதாவுக்குக் கோயில் கட்டிக்கொண்டு, அதைத் தனிப் பங்காக ஆக்குங்கள் என்று கேட்டு 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9 அன்று சேரி தாக்கப்பட்டது. வீடுகள் நொறுக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறித்தவர்கள் இரண்டு பேர் செத்தார்கள். கோயிலுக்குள் சமமாக நடத்து என்று கேட்டுக் கேட்டு அலுத்து, சரி, எங்களுக்குத் தனியாகவே கொடுத்துவிடு என்று கேட்டதற்குத்தான் அத்தனையும். அடித்தவரும் அடிபட்டவரும் செபமாலை உருட்டுகிறவர்கள். தலித் கிறித்தவர் பட்டியல் சாதி இல்லை என்பதால், 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்குக் கிடையாது. இங்கே சாதி இருக்கிறது, அடிக்கிற அளவுக்கு இருக்கிறது, கேஸ் போடுகிற அளவுக்கு மட்டும் இல்லை.

எறையூர்த் தெருவில் நாங்கள் அதிக நேரம் இருக்கவில்லை. யாரிடமும் பேட்டி எடுக்கவும் இல்லை. வந்து கேட்டுவிட்டுப் போகிறவர்களை அந்த மக்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

கடைசி பஸ்ஸில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. மறைக்காமல் எழுதுகிறோம், ஏனென்றால் உங்கள் குழுக்களிலும் இது வரும். எஸ்.சி. சான்றிதழ் வைத்திருக்கும் ஒரு தோழர் மெதுவாக ஆரம்பித்தார்: இருப்பதே 18 சதவீதம், அதில் கிறித்தவர்களும் வந்தால் நம் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? அவர்களிடம் மிஷன் பள்ளிகள் இருக்கின்றன, கல்லூரிகள் இருக்கின்றன. தங்கை அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தக் காலேஜ்ல எனக்கு சீட்டு கேட்டப்போ யாரை சிபாரிசு பண்ணச் சொன்னாங்க தெரியுமாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. மொத்த ஒதுக்கீட்டின் அளவு கூடாமல் ஆளை மட்டும் சேர்த்தால் சேரிக்குள்ளேயே சண்டை மூளும், மூட்டிவிடவும் ஆள் இருக்கிறது. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னபோதே இந்தப் பேச்சும் கிளம்பியது. தலித் கிறித்தவருக்கு உரிமை, அதற்கேற்ற அளவுக்கு ஒதுக்கீட்டை உயர்த்து என்று இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று நாங்கள் திருக்கோவிலூர் தாண்டும்போது ஒரு முடிவுக்கு வந்தோம். தோழர் முழு மனதோடு ஒப்புக்கொண்டாரா என்று தெரியாது. இறங்கும்போது தங்கையின் பையை அவர்தான் தூக்கி வந்தார்.

2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டது. மதம் மாறியவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கொடுக்கலாமா என்று ஆராய. இரண்டாண்டில் முடிய வேண்டிய வேலைக்குக் காலநீட்டிப்பு கொடுத்தார்கள். ஆணையம் எதைச் சொன்னாலும், கடைசியில் நீதிமன்றம் கேட்கப்போவது 1985-ல் கேட்டதைத்தான்: ஆதாரம் எங்கே?

அதனால் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள பங்குகளில் எங்களால் போக முடிந்த ஊர்களுக்குப் போய் எழுதி வைக்கிறோம். கல்லறை ஒன்றா இரண்டா? சவ வண்டி சேரிக்கு வருமா? திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது? பங்குப் பேரவையில் நம் ஆட்கள் எத்தனை பேர்? திருப்பலியில் வாசகம் வாசிப்பது யார்? ஊர்ப் பெயர், தேதி, சொன்னவர் விரும்பினால் கையெழுத்து. புகைப்படம் முடிந்தால். சொன்னவருக்கு ஆபத்து என்றால் பெயர் வேண்டாம். உங்கள் ஊரில் நீங்களும் செய்யலாம். ஒரு நோட்டு போதும்.

முதல் ஊராகத் தங்கையின் ஆயா வீட்டுக்கே போனோம். ஆயா திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். மெழுகுவத்தி ஏற்றினோம் என்று சொன்னோம். கோயில் பெருசா என்று கேட்டார். பெருசு என்றோம். கால்சட்டை மாதிரி இருந்த கதையையும், சாமியார் சுவரை இடித்த கதையையும் தங்கை சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி. நீங்க எந்தப் பக்கம் குந்துனீங்க?"

ரெண்டு பக்கமும் குந்திப் பார்த்தோம் ஆயா என்றாள் தங்கை. ஆயா உரலிலிருந்து வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நோட்டுல என் பேரையே எழுதிக்கோ" என்றார். "தாத்தாவ ஏரிக்கரையோட தூக்கினு போனத நான் சொல்றேன்."